விசா மாறுது... வீட்டுல சொன்னீங்களா?

வையம்பட்டியில உக்காந்துகிட்டு ஒரு எம்.பி.பி.எஸ். டாக்டர் அமெரிக்க விசா பத்தி ஏன் எழுதணும்? நியாயமான கேள்விதான்.

எங்க ஓ.பி.யில பி.பி. மாத்திரை வாங்க வர்ற அப்பா அம்மாக்கள்ல நிறைய பேருக்குப் பிள்ளைங்க வெளிநாட்டுல. சிங்கப்பூர், துபாய், இப்ப அமெரிக்காவும். அங்க ஒரு காகிதம் மாறினா இங்க பிரஷர் ஏறுது. அதனாலதான் எழுதுறேன்.

போன கார்த்திகையில நடந்தது. ஆள் அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

62 வயசு விவசாயி. காலையில பல் தேய்க்கும்போது இடது கையைத் தூக்க முடியலை, வாய் கோணிருச்சு. சோடா கொடுத்துப் பாக்குறது, கைவைத்தியம் பண்றதுன்னு நேரத்தைக் கடத்தாம உடனே 108-ஐக் கூப்பிட்டாங்க. நாங்க பாத்துட்டு திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். நாலரை மணி நேரத்துக்குள்ள போனதால ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட முடிஞ்சது. பிழைச்சுட்டார்.

மூணாம் நாள் ராத்திரி எனக்கு ஒரு வாட்ஸ்அப் கால். அமெரிக்காவுல இருந்து அவரோட மகன்.

"சார், அப்பாவுக்குத் தலைசுத்தல்னு அம்மா சொன்னாங்க. சித்தப்பா பையன் சொல்லித்தான் பக்கவாதம்னே தெரியும். நான் வரணுமா வேண்டாமா, அதை மட்டும் நேரா சொல்லுங்க சார்."

பொதுவா இதுக்கு எங்க பதில் ரெடியா இருக்கும். "முடிஞ்சா ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க தம்பி." அதைத்தான் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவா ஆரம்பிச்சார். வேலை போய் 44 நாள் ஆச்சாம். வீட்டுல யாருக்கும் தெரியாதாம்.

இங்கதான் விஷயத்தைக் கொஞ்சம் புரிஞ்சுக்கணும்.

அமெரிக்காவுல ஹெச்-1பி வேலை விசாவுல இருக்கிறவங்களுக்கு வேலை போனா, அதிகபட்சம் 60 நாள் அவகாசம். 2017 ஜனவரியில அமலுக்கு வந்த விதி இது. சனி, ஞாயிறு, பண்டிகை எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. தங்குறதுக்கான அனுமதி அதுக்கு முன்னாடியே முடிஞ்சா, அவகாசமும் அன்னைக்கே முடியும். அதுக்குள்ள வேற கம்பெனி மனு போடணும், இல்லைன்னா வேற நிலைக்கு மாற விண்ணப்பிக்கணும், இல்லைன்னா கிளம்பணும்.

2022 கடைசியில மெட்டா 11,000 பேரை அனுப்பிச்சது. 2023 ஜனவரியில கூகுள் 12,000, மைக்ரோசாஃப்ட் 10,000. அப்ப இருந்தே நம்ம பசங்க பலர் யோசிக்கிற வழி, வேலை விசாவுல இருந்து மாணவர் விசாவுக்கு, அதாவது எஃப்-1-க்கு மாறுறது.

இதுக்கு ரெண்டு பாதை இருக்கு.

ஒண்ணு, அங்க இருந்துகிட்டே மாறுறது. ஒரு கல்லூரியில இடம் வாங்கி, ஐ-20 படிவம் வாங்கி, 350 டாலர் செவிஸ் கட்டணம் கட்டி, ஐ-539 மனு போடணும். மனு நிலுவையில இருக்கும்போது அங்கேயே காத்திருக்கலாம், ஆனா வேலை செய்யக் கூடாது. முக்கியமானது என்னன்னா, முடிவு வர்றதுக்குள்ள நாட்டை விட்டு வெளியே போனா அந்த மனுவைக் கைவிட்டதாத்தான் எடுத்துக்குவாங்க.

ரெண்டாவது, ஊருக்கு வந்து சென்னை ஜெமினி மேம்பாலம் பக்கத்துல இருக்கிற துணைத் தூதரகத்துல நேர்காணலுக்குப் போய் எஃப்-1 முத்திரை வாங்கிட்டுத் திரும்புறது. இங்க ஒரு சிக்கல். ஹெச்-1பிக்கு 'அங்கேயே தங்கிடுவியா'ன்னு சந்தேகப்பட மாட்டாங்க. எஃப்-1-க்கு, படிச்சு முடிச்சு ஊருக்குத் திரும்புவேன்னு அதிகாரியை நம்ப வைக்கணும். பல வருஷம் அங்க வேலை பாத்தவருக்கு அது லேசு இல்லை.

விசாங்கிறது வாசக் கதவைத் திறக்கிற சாவி. உள்ளே தங்குறதுக்கான அனுமதி வேற. முதல் பாதையில அனுமதி மட்டும்தான் மாறும், சாவி மாறாது. அடுத்த தடவை ஊருக்கு வந்தா, திரும்பிப் போக எப்படியும் தூதரக வாசல்ல நிக்கணும்.

அந்தத் தம்பி முதல் பாதையில மனு போட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஃபிளைட் ஏறினா மனு போச்சு. ஏறலைன்னா அப்பா.

இப்ப நிலைமையைப் பாருங்க. மகன் வேலை போனதை அப்பா அம்மாகிட்ட மறைக்கிறார், அவங்க கவலைப்படக் கூடாதுன்னு. அம்மா பக்கவாதத்தை மகன்கிட்ட மறைக்கிறாங்க, அவன் வேலை கெடக் கூடாதுன்னு. ரெண்டு பக்கமும் பாசம்தான். ஆனா ரெண்டு பக்கமும் பொய்க் கணக்கை வெச்சுத்தான் முடிவு எடுக்குறாங்க.

நான் எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். "உடனடி ஆபத்து தாண்டியாச்சு தம்பி. ஆனா அடுத்த சில வாரத்துல இன்னொரு தடவை வர்ற வாய்ப்பு இருக்கு. மாத்திரை விடக் கூடாது. கை கால் திரும்ப வர்றதுக்கு முதல் மூணு மாசம் ரொம்ப முக்கியம், தினமும் பயிற்சி கொடுக்க ஆள் வேணும். அது நீங்களாத்தான் இருக்கணும்னு இல்லை. 'கண்டிப்பா ஒண்ணும் ஆகாது'ன்னு எழுதிக் கொடுக்க என்னால முடியாது. வரணுமா வேண்டாமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும். ஆனா வீட்டுல உண்மையைச் சொல்லிட்டு முடிவு பண்ணுங்க."

"அப்பாவுக்கு அதிர்ச்சியாகி மறுபடி எதாவது..." ன்னு இழுத்தார். அந்தப் பயம் நியாயம்தான். அதனால பி.பி. கட்டுக்குள்ள வந்து, அவர் வீட்டுக்குத் திரும்பின பிறகு, அம்மாவும் தங்கச்சியும் பக்கத்துல இருக்க வீடியோ காலில் சொல்லச் சொன்னேன். நானும் போயிருந்தேன்.

கேட்டதும் அந்த மனுஷர் குழறின வாயோட முதல்ல கேட்டது, "சம்பளம் இல்லாம என்னத்தடா சாப்பிடுற?"

அந்தப் பக்கம் முப்பத்திநாலு வயசு ஆம்பளை தேம்பித் தேம்பி அழுதார்.

கொஞ்ச நேரம் கழிச்சு ரெண்டாவது கேள்வி. "இந்தப் படிப்பை முடிச்சா வேலை செய்ய விடுவாங்களா?"

எங்க யாருக்கும் தோணாத கேள்வி. எஃப்-1-ல படிப்பு முடிஞ்சதும் 12 மாசம் பயிற்சி வேலை பாக்கலாம், அறிவியல், தொழில்நுட்பப் படிப்புன்னா இன்னும் 24 மாசம். ஆனா ஒரு பட்ட நிலைக்கு ஒரு தடவைதான். இவர் ஏற்கெனவே அங்க முதுகலை படிச்சு அதை முழுசா அனுபவிச்சவர். ரெண்டாவது முதுகலைக்கு மறுபடி கிடைக்காது. படிக்கும்போது வளாகத்துக்குள்ள வாரம் 20 மணி நேரம் வேலை, அவ்வளவுதான். ஃபீஸுக்கு இங்க நிலத்தை வெச்சுக் கடன் வாங்கணும். அப்ப அவர் வாங்குறது படிப்பு இல்லை, வட்டிக்குக் காலம்.

ரெண்டு நாள் வீட்டுல பேசினாங்க. கிளம்பி வந்துட்டார். மனு போச்சு. அதுல அவருக்கு இன்னும் வருத்தம் இருக்கு. இப்ப பெங்களூருல வேலை, சம்பளம் பழைய கணக்குக்குப் பக்கத்துலயே வராது. அப்பா குச்சி ஊன்றி வாசல் வரைக்கும் நடக்குறார்.

எல்லாரும் திரும்பி வந்துடுங்கன்னு நான் சொல்லலை. உண்மையிலேயே துறை மாறணும், முதுகலை இன்னும் படிக்கலைங்கிறவங்களுக்கு மாணவர் விசா நல்ல வழிதான். ஹெச்-1பியில மிச்சம் இருக்கிற வருஷங்களைப் பொதுவா மறுபடி குலுக்கல் இல்லாம பயன்படுத்தவும் முடியும். திரும்பி வர்றதுக்கும் விலை உண்டு. 2025 செப்டம்பர் 19-ல வந்த உத்தரவுப்படி, வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்காகப் போடுற புது ஹெச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம்.

மாறுறதுக்கு முன்னாடி இதை மட்டும் பாத்துக்குங்க:

படிக்கிற ஆசை இருக்கா, இல்லை தங்குறதுக்காக மட்டுமான்னு உங்களையே கேளுங்க. அதிகாரியும் அதைத்தான் கேப்பார்.

உங்க மனைவியோ கணவரோ ஹெச்-4-ல வேலை பாக்குறாங்கன்னா, எஃப்-2-க்கு மாறினதும் அவங்களும் வேலை செய்ய முடியாது. வீட்டுல ரெண்டு வருமானமும் நிக்கும்.

மனு நிலுவையில இருக்கிற மாசங்கள்ல ஊருக்கு வர முடியாதுன்னு வீட்டுல முன்கூட்டியே சொல்லுங்க. வயசான அப்பா அம்மாவுக்கு பி.பி., சுகர் இப்ப எவ்வளவுன்னு கேளுங்க. "நல்லா இருக்கேன்"ங்கிறது பதில் இல்லை, நம்பர் சொல்லச் சொல்லுங்க.

பெத்தவங்களே, உடம்பைப் பத்தி பிள்ளைங்ககிட்ட மறைக்காதீங்க. அவங்க அங்க எடுக்கிற முடிவுக்கு உங்க ரிப்போர்ட்டும் ஒரு ஆவணம்தான்.

விசா சந்தேகத்துக்கு நல்ல குடிவரவு வக்கீலைப் பாருங்க. பி.பி. சந்தேகம்னா கீழே கேளுங்க, ஓ.பி. முடிஞ்சதும் பதில் சொல்றேன்.