அப்பா கேட்ட கேள்வியும் வாத்தியார் சுஜாதாவும்

ஒரு சின்ன டெஸ்ட். இந்த செமஸ்டர்ல படிக்கிற பாடத்துல ஏதாவது ஒண்ணை உங்க வீட்டுல இருக்கறவங்களுக்குப் புரியற மாதிரி ரெண்டே நிமிஷத்துல சொல்ல முடியுமா? 'இதென்ன பெரிய விஷயம்'னு நினைக்கிறீங்களா? நானும் அப்படித்தான் நினைச்சேன். பல்பு வாங்கினதுதான் மிச்சம்!

எங்க அப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் ஆபரேட்டர். போன வருஷம் செமஸ்டர் லீவுல ஒரு நாள் ராத்திரி, சாப்பிட்டுக்கிட்டே கேட்டார்: "எப்பப் பார்த்தாலும் சிப்பு சிப்புங்கறியே... அதுக்குள்ள இன்னாடா இருக்கு?" நான் இ.சி.இ. ஸ்டூடன்ட். அந்தப் பேப்பர்ல நல்ல மார்க் வேற. கெத்தா ஆரம்பிச்சேன். "செமிகண்டக்டர்ப்பா... டோப்பிங் பண்ணுவாங்க... பி-டைப், என்-டைப்..." மூணாவது வரியிலேயே அப்பா முகம் மாறிடுச்சு. "சரி சரி, சாப்பிடு. சோறு ஆறுது"ன்னுட்டார்.

திட்டியிருந்தாக்கூட பரவாயில்லை. 'நாம படிக்கல, அதான் புரியல'ன்னு அவர் நினைச்சுக்கிட்டார் பாருங்க... அதுதான் வலிச்சது. உண்மை என்னன்னா, எனக்கே புரியல. மனப்பாடம் மட்டும்தான் கைவசம் இருந்தது.

அந்த லீவுலதான் எங்க ஏரியா கிளை நூலகத்துல 'ஏன்? எதற்கு? எப்படி?' கைக்குக் கிடைச்சது. ஜூனியர் விகடன்ல வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு சுஜாதா எழுதின பதில்களோட தொகுப்பு. நம்ம ப்ரொஃபசர்கிட்ட கேட்டா கிளாஸே சிரிக்குமேன்னு நாம முழுங்கிடற கேள்விகள் இருக்கே, அந்த மாதிரி கேள்விகளுக்கு அவர் உட்கார்ந்து மரியாதையா பதில் சொல்லியிருக்கார். நடுவுல ஒரு குறும்பு, ஒரு குத்தல். பாடம் நடத்தறாருன்னே தெரியாது.

அப்புறம் ஒரு வெறி. ஆவடி - பூந்தமல்லி பஸ்ல சீட் கிடைச்சா கையில சுஜாதாதான். மூளையைப் பத்தி 'தலைமைச் செயலகம்' (பேரைக் கவனிங்க பாஸ்!). 1857 எழுச்சியை வெச்சு 'ரத்தம் ஒரே நிறம்'. இதுக்கு ஒரு ஃப்ளாஷ்பேக் உண்டு. முதல்ல குமுதத்துல 'கறுப்பு சிவப்பு வெளுப்பு'ங்கற பேர்ல தொடரா வந்து, எதிர்ப்பு கிளம்பி பாதியில நின்னு போச்சு. அவர் கதையை விடல. பிறகு புதுப் பேர்ல திரும்ப எழுதினார். ராஜராஜ சோழன் காலத்துக்கு 'காந்தளூர் வசந்தகுமாரன் கதை'. அங்கேயும் நம்ம கணேஷ், வசந்த் வேற வேஷத்துல வந்து நிப்பாங்க! இன்னொரு பக்கம் திருக்குறளுக்கு உரை, புறநானூறுக்கு ஓர் எளிய அறிமுகம்.

இத்தனையும் எழுதினவர் தமிழ்ப் பண்டிதரோ சரித்திரப் பேராசிரியரோ இல்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில எலெக்ட்ரானிக்ஸ் படிச்ச ரங்கராஜன். சுஜாதாங்கறது மனைவி பேரு. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ்ல வேலை பார்த்துக்கிட்டேதான் எழுதினார். எல்லா சப்ஜெக்ட்டும் எப்படி ஒரே ஆளுக்கு வசப்பட்டது? எனக்குத் தோணறது இதுதான். சிலிக்கான் சில்லோ சங்கப் பாட்டோ, படிக்கறவர் எந்த இடத்துல முழிப்பார்னு யோசிச்சு, அங்கே முதல்ல போய் நிப்பார். சப்ஜெக்ட் மாறும், இந்தப் பழக்கம் மாறாது.

இதுல ஒரு ஆபத்தும் இருக்கு. அதையும் சொல்லிடறேன். புறநானூறு அறிமுகத்தைப் படிச்ச ஜோர்ல காலேஜ் தமிழ் மன்றத்துல மைக் பிடிச்சேன். பத்து நிமிஷம் பின்னி எடுத்தேன், கைத்தட்டல் எல்லாம் ஆச்சு. கடைசியில தமிழ் ஐயா அமைதியா கேட்டார்: "நல்லா பேசினே தம்பி. நீ சொன்ன பாட்டுல ரெண்டு வரி சொல்லேன்?" ம்ஹூம். மூலத்தை நான் பார்க்கவே இல்லை! அறிமுகம்னு அட்டையிலேயே போட்டிருக்கார். வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போறதுதான் அவர் வேலை. உள்ளே நுழையறது நம்ம வேலை. அன்னிக்கு சாயந்திரமே உரையோட புறநானூறு எடுத்தேன். 400 பாட்டுல இதுவரைக்கும் 30 தாண்டியிருக்கேன். மெதுவாத்தான் போகுது. ஆனா போகுது.

சரி, அப்பா விஷயத்துக்கு வர்றேன். ஒரு ஞாயித்துக்கிழமை, பின்பக்கம் குழாயடியில ரெண்டாவது ரவுண்டு ஆரம்பிச்சேன். "அப்பா, இந்தக் குழாயைக் கொஞ்சமா திருகினா எவ்வளவு தண்ணி வருது? சிப்புக்குள்ள இருக்கறதும் ஒரு குழாய்தான். தண்ணிக்குப் பதிலா கரண்ட். திருகறதுக்குக் கைக்குப் பதிலா சின்ன வோல்ட்டேஜ். திறந்திருந்தா 1, மூடியிருந்தா 0. அவ்ளோதான். 1971-ல வந்த இன்டெல் 4004 சிப்புல இந்த மாதிரி 2,300 குழாய். இப்போ ஒரு நல்ல செல்போன் சிப்புல ஆயிரம் கோடிக்கும் மேல."

அப்பா குழாயைத் திறந்தார், மூடினார். அப்புறம் கேட்டார் பாருங்க ஒரு கேள்வி: "கரண்ட் போனா உள்ள இருக்கற கணக்கு இன்னா ஆவும்? எலெக்‌ஷன் மெஷின்ல பேட்டரி தீந்துட்டா, போட்ட ஓட்டு போச்சா?"

ஆடிப்போயிட்டேன். எந்த வைவாவிலும் என்னை இப்படி யாரும் மடக்கினதில்லை. 'இருங்கப்பா'ன்னு புக்கைத் தேடி ஓடினேன். ராத்திரி வந்து சொன்னேன்: "கம்ப்யூட்டர்ல இருக்கற ராம் மெமரி, கரண்ட் போனா மறந்துடும். ஆனா மறக்காத மெமரியும் உண்டு. உதாரணத்துக்கு நம்ம பென்டிரைவ். எலெக்ட்ரான்களை ஒரு இன்சுலேட்டருக்குள்ள சிறை வெச்சுடுவாங்க. கரண்ட் இல்லேன்னாலும் வெளியே வர முடியாது. ஓட்டு மெஷின்லயும் பேட்டரி தீர்ந்தா ஓட்டு அழியாது."

அந்த மெஷினை பாரத் எலெக்ட்ரானிக்ஸ்ல உருவாக்கினதுல சுஜாதாவுக்கு முக்கியப் பங்கு இருக்கு. 2004 மக்களவைத் தேர்தல்ல நாடு முழுக்க அதுலதான் ஓட்டுப் போட்டாங்க. அப்பாகிட்ட இதைச் சொன்னதும், "கதை எழுதறவரா?"ன்னு ரெண்டு தடவை கேட்டார்.

2008 பிப்ரவரி 27 அன்னிக்கு சுஜாதா போயிட்டார். நான் அவரைப் பார்த்ததில்லை. ஆனா ரசிகர்கள் ஏன் 'வாத்தியார்'னு கூப்பிடறாங்கன்னு எனக்கு அந்தக் குழாயடியிலதான் புரிஞ்சது.

நீங்களும் ட்ரை பண்ணுங்க. இன்னிக்கு ராத்திரி ஒரே ஒரு பாடம், வீட்டுல இருக்கற ஒருத்தர், ரெண்டு நிமிஷம். அவங்க திரும்பக் கேள்வி கேட்டா நீங்க பாஸ்! 'சரி சரி, சாப்பிடு'ன்னு சொன்னா... புக்கை மறுபடி திறங்க.

எங்க அப்பா இப்போ 'தலைமைச் செயலகம்' படிச்சுக்கிட்டிருக்கார். 14-ம் பக்கத்துல ஒரு டவுட்டாம். கூப்பிடறார், வரட்டுமா!