மடிப்பின் மேல் போட்ட கோடு

நான் படித்தது வரலாறு. ஆனால் சமூக அறிவியல் ஆசிரியர் என்றால் புவியியலும் தலையில் விழும். முந்தின நாள் இரவு வாசித்ததை மறுநாள் காலையில் நெடுநாள் தெரிந்தவன்போல நடத்துவேன்.

நிலநடுக்கோட்டைக் குறிக்க ஏழாம் வகுப்புக்கு ஒரு குறுக்குவழி சொல்லிக் கொடுத்தேன். அவுட்லைன் மேப்பைச் சரிபாதியாக மடி, மடிப்பின் மேல் ஸ்கேலை வைத்துக் கோடு போடு. பெயரிலேயே ‘நடு’ இருக்கிறதே! அந்த மேப்பில் அண்டார்டிகா கிடையாது. தென் அமெரிக்காவின் வால் முடிந்த கையோடு தாளும் முடிந்துவிடும். தாளின் நடு வேறு, பூமியின் நடு வேறு என்பது எனக்கு உறைக்கவே இல்லை. மடிப்பு தென்னிந்தியா வழியாக ஓடியது. நம்மூர் வெயிலுக்குப் பொருத்தம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அரையாண்டுத் தேர்வில் ஒரு சிறுமி மட்டும் கோட்டைக் கீழே இறக்கிப் போட்டிருந்தாள். சிவப்பு மையில் அடித்தேன். விடைத்தாளோடு வந்து நின்றாள்.

“சார், எங்கப்பா சிங்கப்பூர்ல வேலை பாக்குறாங்க. கோடு அதுக்கும் கொஞ்சம் கீழதான் போகுதாம். நீங்க சொன்ன கோடு ரொம்ப மேல போகுது சார்.”

“உங்கப்பாவா பேப்பர் திருத்துறாரு? போய் உக்காரு.”

வகுப்பு சிரித்தது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

அன்றிரவு அட்லஸைப் பிரித்தேன். சிங்கப்பூருக்குத் தெற்கே சுமார் 137 கி.மீ. தள்ளி ஓடுகிறது கோடு. கன்னியாகுமரியே அதற்கு வடக்கே 8 டிகிரியில், ஏறக்குறைய 900 கி.மீ. தொலைவில் இருக்கிறது. விரலை வைத்து இழுத்துப் பார்த்தேன். ஆசியாவின் பெருநிலப்பரப்பைக் கோடு தொடவே இல்லை. சுமத்ரா, போர்னியோ போன்ற தீவுகளை மட்டும் வெட்டிக்கொண்டு போகிறது. ஆப்பிரிக்காவில் விக்டோரியா ஏரி, காங்கோ. கடல் தாண்டினால் அமேசானின் முகத்துவாரம். கடகரேகை, நிலநடுக்கோடு, மகரரேகை மூன்றும் கடக்கும் ஒரே கண்டம் ஆப்பிரிக்கா. மூன்றில் ஒன்றுகூடத் தொடாதவை ஐரோப்பாவும் அண்டார்டிகாவும். தென் அமெரிக்கா என்றால் முழுக்கத் தெற்கு என்றுதான் சொல்லிவந்தேன். வெனிசுலா முழுவதும் வடக்கே கிடக்கிறது!

அந்தச் சிறுமியின் கோட்டில் ஒரு நூல் பிசகுகூட இல்லை.

மறுநாள் வகுப்பில் சொல்லியிருக்கலாம். “நான்தான் தப்பாச் சொல்லிட்டேன், எல்லாரும் அழிச்சிட்டுப் போடுங்க” என்றால் இரண்டு நிமிட வேலை. சாக்பீஸை எடுத்தேன். நேற்றுச் சிரித்த முகங்களைப் பார்த்தேன். அடுத்த பாடத்தின் தலைப்பை எழுதிப் போட்டேன்.

தெரியாமல் நடத்தியதைக்கூட மன்னித்துக்கொள்வேன். தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டதற்கு என்ன சொல்ல?

அடுத்த வருடம் வந்த பிள்ளைகளுக்குச் சரியாகத்தான் நடத்தினேன், என்றைக்கும் அப்படியே நடத்தியவன்போல. ஆனால் அதற்கு முன் ஆண்டுத் தேர்வு வந்தது. அதே கேள்வி. அந்தச் சிறுமியின் தாளைப் புரட்டினேன். மேப்பின் நடுவே நகத்தால் அழுத்தித் தேய்த்த மடிப்பு. அதன் மேலேயே, ஸ்கேல் வைத்து, கோணாமல் ஒரு கோடு.

முழு மதிப்பெண் போட்டேன்.