ஒரு வாளி பச்சைத் தண்ணி, ஒரு வாளி வெந்நீர்

செங்கல்பட்டுச் சீமையில் வெந்நீரா என்று நீங்கள் சிரிப்பது காதில் விழுகிறது. மே மாதம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் காப்பித்தூளைப் போட்டால் டிகாஷனே இறங்கிவிடும், இங்கே எதற்கய்யா பாய்லர்? நியாயமான கேள்விதான். ஆனால் நீங்கள் மார்கழி மாதம் காலை ஐந்து மணிக்கு, மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், கிணற்றடியில் ஒற்றைத் துண்டோடு நின்றதில்லை. நான் நின்றிருக்கிறேன். வாடைக்காற்று முதுகெலும்பில் ஹார்மோனியம் வாசிக்கும்.

என் தாய்மாமா வீடு அங்கேதான். தாம்பரத்திலிருந்து ரயிலில் வந்தால், ஜன்னலில் கொளவாய் ஏரி தெரிந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொள்ளலாம், செங்கல்பட்டு வந்துவிட்டது. அங்கிருந்து பஸ். திருக்கழுக்குன்றம் மலைக்குத் தினமும் சாப்பிட வந்துகொண்டிருந்த இரண்டு கழுகுகளும் தொண்ணூறுகளோடு வருகையை நிறுத்திக்கொண்டன. பஸ் மட்டும் இன்னும் நின்று டீ குடித்துவிட்டுத்தான் கிளம்புகிறது. பிறகு கடல் பக்கம் திரும்பி பக்கிங்காம் கால்வாயைத் தாண்டினால் சவுக்குத் தோப்பு. தோப்பு முடிகிற இடத்தில் வீடு. வீட்டுக்குப் பின்னால், கிணற்றை ஒட்டிப் போட்ட ஒரு சார்ப்பில், பளபளவென்று செம்பு பாய்லர்.

டீக்கடை பாய்லரைப் பார்த்திருப்பீர்கள். இது அதற்குப் பெரியண்ணன். ரஷ்யாக்காரர்களின் சமோவாருக்கும் இதே குலம், இதே கோத்திரம். நடுவில் ஒரு குழாய், அதற்குள் நெருப்பு, சுற்றிலும் தண்ணீர். அடியில் இரும்புக் கம்பித்தட்டு, அதன் வழியே சாம்பல் கொட்டும். உச்சியில் புகைபோக்கி. பக்கத்தில் ஒரு புனல், எதிர்ப்பக்கம் ஒரு மூக்கு. புனலில் ஒரு வாளி பச்சைத் தண்ணீரை ஊற்றினால் அது நேரே அடிக்குப் போகும். மேலே நிற்கும் சூடான தண்ணீர் மூக்கு வழியாக வெளியே வழியும். போட்டால்தான் எடுக்க முடியும். ஓவர்டிராஃப்ட் கிடையாது. நமக்குப் பின்னால் வருகிறவனுக்குத் தண்ணீர் இல்லாமல் போகவும் வழியில்லை. இப்படி ஒரு யோசனை எங்கள் ஆபீஸ் வாட்டர் கூலரைச் செய்தவருக்குத் தோன்றவில்லை.

மாமா பற்ற வைப்பதைப் பார்க்க வேண்டும். முதலில் ஒரு கைப்பிடி சவுக்குச் சருகு. அதன்மேல் மிளார். ஒரே ஒரு தீக்குச்சி. இரண்டாவது குச்சி கிழித்தால் அன்றைக்கு அவருக்கு மூட் அவுட். மிளார் படபடவென்று பிடித்ததும் கட்டை. அப்புறம் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். பேப்பர் படிக்க மாட்டார், செல்போன் பார்க்க மாட்டார். நெருப்பைப் பார்ப்பார். உள்ளே தண்ணீர் முதலில் ‘உஸ்’ என்னும், பிறகு முனகும். அந்த முனகலில் என்ன ராகமோ, சரியான நேரத்தில் “ம், வா” என்பார். வெந்நீர் பதமாக இருக்கும். ஊற்றிக்கொண்டால் லேசாக ஒரு புகை வாசனை வரும் பாருங்கள், அதற்கு எந்த சோப்புக் கம்பெனியும் பெயர் வைக்கவில்லை.

சவுக்கு நம்ம ஊர் மரமே இல்லை, தெரியுமோ? ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுப் பக்கத்துச் சரக்கு. 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் இந்தக் கடற்கரை மணலில் தோப்புத் தோப்பாக நட்டார்கள். ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டியிருந்தது. மதராஸ் பட்டணத்து அடுப்புகளுக்கும் வேண்டியிருந்தது. ஆக, இந்த மரம் வந்ததே ஒரு பாய்லருக்காகத்தான்! வேரில் குடியிருக்கும் நுண்ணுயிர் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதால் வெறும் மணலிலும் வளரும். பச்சையாக வெட்டினாலும் எரியும். கால்வாயில் விறகுப் படகுகள் பட்டணத்துக்குப் போன கதையை மாமா சொல்வார். இப்போது படகும் இல்லை, பட்டணத்தில் விறகுத் தொட்டிகளும் அநேகமாக இல்லை. மரம் நாலைந்து வருஷத்தில் லாரி ஏறி, கட்டடச் சாரத்துக்கும் காகித ஆலைக்கும் போய்விடுகிறது. நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தத் தாளிலேயே எங்கள் ஊர் சவுக்கு இருக்கலாம். வீட்டுக்கு மிஞ்சுவது நுனி மிளாரும் வேர்க்கட்டையும்தான். பாய்லருக்கு அது போதும்.

எல்லாம் சரி, வில்லன் வேண்டாமா? வந்தார், என் மச்சான். மறைமலைநகர்ப் பக்கம் ஒரு ஃபாக்டரியில் வேலை. 2022-இல் ஒரு நாள் கால்குலேட்டரோடு உட்கார்ந்தார்.

“அப்பா, 20 லிட்டர் வாளி. 20 டிகிரி ஏத்தணும். கீஸர்ல அரை யூனிட்டுக்கும் கம்மிதான் ஆவுது. செம்பு விக்கிற விலைக்கு இந்த பாய்லரை எடைக்குப் போட்டா ஒரு கீஸர் வாங்கி மிச்சமும் நிக்கும்.”

“நம்ம பாய்லருக்கு எவ்ளோடா ஆவுது?” என்றார் மாமா.

அதையும் தட்டிப் பார்த்தார் மச்சான், நியாயஸ்தர். ஒரு கிலோ காய்ந்த சவுக்குக்கு 4,500 கிலோ கலோரி. மூன்றில் இரண்டு பங்கு புகைபோக்கி வழியாக ஆகாயத்துக்குப் போனாலும், ஒரு வாளிக்குக் கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே விறகு.

“தோப்புல பொறுக்கினா காசா பணமா? மாமல்லபுரத்துக் குன்றுமேல ஒலக்கனேஸ்வரர் கோயில் இருக்கே, அது உச்சியில வெறகு எரிச்சுத்தான் பல்லவ ராஜா கப்பலுக்கே வழி காட்டினாராம். உனக்குக் கீஸர் கேக்குதோ?”

அத்தை மட்டும் மகன் கட்சி. அதில் நியாயம் இருந்தது. வீட்டுக்குள் விறகடுப்பை ஊதி ஊதி இருமிய வருஷங்கள் அவருக்குத்தான் தெரியும். சமையலறைக்கு காஸ் வந்த அன்றைக்கு ஊதுகுழலைப் பரண்மேல் வீசிவிட்டார். “புகைல என்னங்க சொகம்? ஒக்காந்து வேடிக்க பாக்கிறவங்களுக்குத்தான் சொகம்.” சமையலுக்கு விறகு என்றால் நானும் அத்தை கட்சிதான், அதில் ஏக்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பாய்லர் இருப்பது வெளியே, புகைபோக்கிக்கு அடியில், பார்த்துக்கொள்வது மாமா. கேஸ் வேறு. இருந்தாலும் ஓட்டு இரண்டுக்கு ஒன்று. கார்த்திகை முடிந்ததும் எடைக்குப் போடுவது என்று முடிவாகிவிட்டது.

கார்த்திகை முடிவதற்குள் மாண்டஸ் வந்துவிட்டது. 2022 டிசம்பர் 9, நள்ளிரவையொட்டி, மாமல்லபுரம் பக்கமாகவே புயல் கரையேறியது. விடிந்து பார்த்தால் தெருவெல்லாம் மரம். கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாமல் மேல்தொட்டி காலி. எலும்பு வரை ஈரம். நான் முந்தின நாள் அங்கே போய் மாட்டிக்கொண்டதால் இதெல்லாம் கண்ணால் பார்த்தது.

எதிர்வீட்டில் பிறந்து பதினோரு நாளான குழந்தை. அந்தப் பாட்டி ஒரு குண்டானைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். “பச்ச ஒடம்புக்கு ஒரு சொம்பு சுடுதண்ணி...”

மாமா ஒன்றும் பேசவில்லை. சார்ப்பில் காய வைத்திருந்த மிளாரை எடுத்தார். ஒரே குச்சி. அரை மணியில் பாய்லர் முனகியது. பாட்டி போனதும் பக்கத்து வீடு, அதற்குப் பக்கத்து வீடு, ஜுரத்தில் கிடந்த ஒருவர், முட்டிவலிக்கு ஒத்தடம் கேட்டு ஒரு பெரியவர். வரிசையில் வாளியும் அண்டாவும். ஒரு வாளி ஊற்றினால் ஒரு வாளி. கிணற்றில் இறைத்துப் புனலில் ஊற்றியது யார் என்கிறீர்கள்? மச்சான்தான். பத்து மணி வரைக்கும். உள்ளங்கை சிவந்து போயிற்று. அத்தை உச்சியில் இட்லி குண்டானை வைத்து எல்லாருக்கும் காப்பிக்கு வெந்நீர் வைத்தார்.

எடைக்குப் போடும் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. பொங்கலுக்கு முன்னால், அடியில் அரித்துப் போயிருந்த கம்பித்தட்டை மாற்ற செங்கல்பட்டுக்கு எடுத்துப்போனது மச்சானேதான். கீஸரும் வாங்கினார், கம்பெனி பஸ் காலை ஆறு மணிக்கு, முக்காலி போட்டு உட்கார நேரமேது? ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல் மட்டும் பாய்லரில்.

போன தை மாதம் போயிருந்தேன். முக்காலியில் மச்சான் உட்கார்ந்திருந்தார், தலையில் வழிய வழிய நல்லெண்ணெய். மாமா பின்னால் நின்று கோச்சிங் கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தீக்குச்சி ஓடிக்கொண்டிருந்தது.