துனிசியாவில் பார்த்த தண்ணீர்

துனிசியா படங்களைப் போட்டதிலிருந்து, "டீச்சர், என்னென்ன பார்த்தீங்க, விவரமா எழுதுங்க" என்று பலர் கேட்டுவிட்டீர்கள். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

துனிசியா வட ஆப்பிரிக்காவில் மத்தியதரைக் கடலோரம் இருக்கும் நாடு. பரப்பில் தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் பெரியது. மக்கள் தொகை சுமார் ஒரு கோடியே இருபது லட்சம்தான். வடக்கிலும் கிழக்கிலும் கடல், தெற்கே சகாரா. கடற்கரை, பாலைவனம், பழைய கட்டடங்கள் மூன்றையும் 12 நாளில் பார்த்துவிடலாம் என்றுதான் இந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தோம். "இந்த வயசுல பாலைவனமா?" என்று பிள்ளைகள் தடுத்தார்கள். எனக்கு 64, என் வீட்டுக்காரருக்கு 69. இனி எப்போது போவது?

எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. சகாரா பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து, "அங்க தண்ணிக்கு என்ன பண்ணுவாங்க டீச்சர்?" என்று கேட்கும். ராமநாதபுரம் மாவட்டத்துப் பிள்ளைகள், வேறென்ன கேட்கும்! அதை நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசை அப்போதே விழுந்தது.

முதலில் தலைநகர் துனிஸை ஒட்டிய கார்த்தேஜ். கடற்கரையிலேயே ரோமானியர்களின் அந்தோனினஸ் குளியல் மண்டப இடிபாடுகள் நிற்கின்றன. கி.பி. 2-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் கடல். ஆனால் அந்தக் குளியலுக்கு நல்ல தண்ணீர் சாகுவான் மலை ஊற்றிலிருந்து வந்திருக்கிறது. சுமார் 132 கிலோமீட்டர் கால்வாய். பம்பு இல்லை, மோட்டார் இல்லை, வாட்டம் மட்டும்தான். பள்ளமான இடங்களில் கால்வாயைத் தாங்கிய கல் வளைவுகள் இன்றும் வயல்களுக்கு நடுவே வரிசையாக நிற்கின்றன.

அடுத்து கைரவான். கி.பி. 670-இல் உருவான ஊர். அங்குள்ள பெரிய மசூதியின் முற்றம் நடுவை நோக்கிச் சரிந்திருக்கிறது. மழைநீர் அங்கே சேர்ந்து, தூசியும் மண்ணும் படிந்த பிறகு அடியில் உள்ள தொட்டிக்குள் இறங்கும்படி செய்திருக்கிறார்கள். கிணற்று வாயின் பளிங்கில் கயிறு இழுத்து இழுத்து விழுந்த தடம் ஆழமாக இருக்கிறது. விரலை வைத்துப் பார்த்தேன். ஊருக்கு வெளியே 9-ஆம் நூற்றாண்டுக் குளங்கள். வண்டல் தங்கச் சின்னக் குளம், தெளிந்த நீருக்குப் பெரிய குளம். பெரியதின் குறுக்களவு சுமார் 128 மீட்டர்!

தெற்கே தோசர். இதுதான் பாலைவனச் சோலை. மேலே பேரீச்சை, அதன் நிழலில் மாதுளையும் அத்தியும், அதற்கும் கீழே கீரையும் காய்கறியும். ஒரே நிழலில் மூன்றடுக்கு விவசாயம். 13-ஆம் நூற்றாண்டில் இப்னு ஷப்பாத் என்ற அறிஞர் ஊற்றுநீரைப் பங்கு பிரிக்கும் முறையை வகுத்துக் கொடுத்தாராம். யாருக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்பதை, அடியில் துளையிட்ட பாத்திரத்தில் நீர் வடிவதை வைத்து அளந்திருக்கிறார்கள். கேட்டதும் என் வீட்டுக்காரர், "அட, நம்ம நாழிகை வட்டில்!" என்றார். இன்று அந்த ஊற்றுகள் வற்றிவிட்டன. ஆழ்குழாய்க் கிணறுகளில்தான் மரங்கள் நிற்கின்றன.

தோசரிலிருந்து ஷாட் அல் ஜரீத் என்ற உப்பு ஏரியின் நடுவே சாலை போகிறது. இரண்டு பக்கமும் வெள்ளை வெளேர் என்று உப்பு. தூரத்தில் தண்ணீர் நிற்பதுபோல் தெரிகிறது, கிட்டப் போனால் கானல். அங்கேதான் எங்கள் வண்டி ஓட்டிய தம்பி அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார். தொடர் வறட்சியால் 2023-இல் அரசு இரவு 9 மணி முதல் அதிகாலை 4 மணி வரை குழாய்த் தண்ணீரை நிறுத்தியது. அவருடைய அம்மா தினமும் ஒன்பது மணிக்குள் வீட்டிலுள்ள பாத்திரம் அத்தனையிலும் பிடித்து வைப்பாராம். "சமையல் பாத்திரத்தைக்கூட விடமாட்டார்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் அம்மாவும் அப்படித்தான் பிடித்து வைத்தார்.

தூஸில் மணல்மேட்டில் ஒட்டகச் சவாரி செய்தோம். ஒட்டகம் எழும்போது முன்பக்கம் தள்ளும், கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்! பிறகு மத்மாத்தா. தரையில் பெரிய குழி வெட்டி, அதன் சுவரில் அறைகள் குடைந்த வீடுகள். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே குளுகுளு. 'ஸ்டார் வார்ஸ்' படம் எடுத்த இடம் என்று எல்லோரும் அங்கே படம் பிடிக்கிறார்கள். நாங்கள் பக்கத்துப் பள்ளத்தாக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மழைநீர் ஓடும் வழியில் அடுக்கடுக்காகச் சின்ன மண் கரைகள். மிச்சத் தண்ணீர் போக ஓரத்தில் கலிங்கு மாதிரி வழி. கரைக்குப் பின்னால் தேங்கிய மண்ணில் ஆலிவ் மரங்கள். இதற்கு ஜெசூர் என்று பெயர். ஓடும் மழையைப் பிடித்து நிறுத்தத் தெரிந்தவர்கள்.

திரும்பும் வழியில் எல் ஜெம். 35,000 பேர் உட்காரக்கூடிய ரோமானிய அரங்கம். சின்ன ஊருக்கு நடுவே மலைபோல் நிற்கிறது. கடைசி இரண்டு நாள் ஹம்மாமெத் கடற்கரை. மெல்லிய மணல், நீலக் கடல், முழங்கால் அளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். எங்கள் ஓட்டலில் கடலிலிருந்து ஐம்பது அடியில் ஒரு பெரிய நீச்சல் குளம். நாங்கள் கடலிலேயே குளித்தோம். சுற்றுலாதான் அங்கே பலருக்குச் சோறு போடுகிறது, அதனால் போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன். அவசியம் போங்கள். ஓட்டலோடு நின்றுவிடாமல் தெற்கேயும் போங்கள். துண்டை தினமும் மாற்றச் சொல்லாதீர்கள், அறையில் தண்ணீரைப் பார்த்துச் செலவழியுங்கள். நீங்கள் தூங்கும் நேரத்தில் யாரோ ஓர் அம்மா பாத்திரத்தில் பிடித்து வைத்திருக்கலாம்.

அக்டோபர், நவம்பரில் போனால் வெயில் தணிந்திருக்கும், புதுப் பேரீச்சையும் கிடைக்கும். 'தெக்லெத் நூர்' என்று கேட்டு வாங்குங்கள். மூட்டுவலி உள்ளவர்கள் ஊன்றுகோல் கொண்டுபோவது நல்லது, படிகள் நிறைய.