கிரேஸ் மார்க்

செமஸ்டர் ரிசல்ட் வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் சர்ச்சில் காணிக்கைப் பை கொஞ்சம் கனக்கும். சின்னச் சின்ன கவர்கள். மேலே பெயர், நடுவில் தொகை, கீழே ‘காரணம்’ என்று ஒரு கோடு. ‘ஆறு பேப்பரும் கிளியர் ஆனதற்காக... ரூ.100.’ ‘கேம்பஸ் இன்டர்வியூவில் செலக்ட் ஆனதற்காக... ரூ.500.’ ஆராதனை முடிகிற நேரத்தில் இதையெல்லாம் மைக்கில் வாசித்து, ஸ்தோத்திரம் சொல்லி ஜெபிப்பது சபை குருவான என் வேலை.

சில வருஷங்களுக்கு முன்னால் அப்படி ஒரு ஞாயிறு. பதினைந்து கவர் வாசித்திருப்பேன். கடைசிக் கவரை வைத்துவிட்டு, உற்சாகத்தில் நானாக ஒரு வரி சேர்த்தேன். “நம்ம பிள்ளைங்க மேல ஆண்டவரோட கிருபை எப்படி இருக்கு பாருங்க!”

பின்வரிசையில் ஒரு பையன் எழுந்து வெளியே போனான். தண்ணீர் குடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். திரும்பி வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும்.

விசாரித்தேன். லால்குடிப் பக்கம் கிராமம். இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். ஸ்ரீரங்கத்தில் ரூம். மூன்று அரியர். “யார் போனையும் எடுக்கிறதில்ல ஐயா” என்றான் அவனோடு படிக்கிறவன். அன்றைக்கு நூறு ரூபாய் கவர் போட்டவன் இவன்தான்!

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் மைக்கில் வாசித்தது கிருபை கிடைத்தவர்களின் லிஸ்ட் என்றால், லிஸ்டில் பெயர் இல்லாதவனைப் பற்றி நான் என்ன சொல்லியிருக்கிறேன்?

சனிக்கிழமை சாயங்காலம் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்தேன். திருச்சிக்காரர்களுக்கு ஒண்ணாம் நம்பர் என்றால் சொல்ல வேண்டியதில்லை, ஸ்ரீரங்கம்தான். கூட வந்த எங்கள் சபைப் பெரியவர், “ஐயருக்கு ஒரு சீட் கொடுங்கப்பா” என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். லுத்தரன் சபைகளில் குருவை ‘ஐயர்’ என்றுதான் சொல்வது பழக்கம். பக்கத்தில் இருந்தவர் என் நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், குழம்பிப்போய் சீட்டைக் கொடுத்தார். ஸ்ரீரங்கம் பஸ்ஸில் வெள்ளை அங்கி போடாத லுத்தரன் ஐயருக்கு இது ஒரு நிரந்தரப் பிரச்னை.

மாம்பழச்சாலை தாண்டி, அம்மா மண்டபம் போகிற வழியில் ஒரு சந்து. மாடியில் பையனின் ரூம். பூட்டியிருந்தது. கீழே ஹவுஸ் ஓனர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ரிட்டயர்டு தமிழ் வாத்தியார். நெற்றியில் பாதம் வைத்த தென்கலை நாமம்.

“ஆத்தங்கரைக்குப் போயிருக்கான். வந்துடுவான், உட்காருங்கோ. நாலஞ்சு நாளா சரியா சாப்பிடறதில்லை. எங்காத்துல தயிர்சாதம் கொடுத்தனுப்பினா, தட்டை அலம்பி வைக்கறான், சாப்ட்டானா இல்லையான்னு தெரியலை.”

காபி வந்தது. எதற்கு வந்தேன் என்பதை மறைக்காமல் சொன்னேன். மைக், கவர், கிருபை, எல்லாம். கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

“உங்க பிரச்னை எங்க ஊர்ல பல நூறு வருஷமா நடக்கிற சண்டை சார்!”

குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடி விட்டால் கீழே விழும். பூனைக்குட்டி ஒன்றுமே செய்யாது, கண்கூடத் திறந்திருக்காது. தாய் வந்து கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போகும். மனுஷனும் தன் பங்குக்குக் கொஞ்சமாவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது வடகலை. பிடிப்பதெல்லாம் அவன் வேலை, நீ சும்மா இரு என்பது தென்கலை. மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று பெயரெல்லாம் சொன்னார்.

“நாங்க பூனைக் கட்சி. நீங்க அன்னிக்கு மைக்குல வாசிச்சது குரங்குக்குட்டிங்களோட லிஸ்ட் சார்.”

சுருக்கென்றது. ஏனென்றால் கேட்டுக்கொண்டிருந்த நான் லுத்தரன். மனுஷன் தன் முயற்சியால் கிருபையைச் சம்பாதிக்க முடியாது என்பதுதான் மார்ட்டின் லூத்தர் போட்ட சண்டையே. ருடால்ஃப் ஓட்டோ என்ற ஜெர்மன் இறையியலாளர், கிறிஸ்தவத்தையும் வைணவத்தின் அருள் வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். செமினரியில் படித்து, மார்க் வாங்கி, மறந்தாயிற்று. அதை ஞாபகப்படுத்த ஸ்ரீரங்கத்தில் ஒரு திண்ணை வேண்டியிருந்தது.

அவர் விடவில்லை. பிள்ளை லோகாசாரியார் கதைக்குப் போய்விட்டார். தென்கலைக்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் ஆசாரியர். 1323ல் டெல்லிப் படை ஸ்ரீரங்கத்துக்கு வந்தபோது அவர் தொண்டு கிழவர். உற்சவரான நம்பெருமாளை எடுத்துக்கொண்டு தெற்கே கிளம்பினார்கள். காடு, மேடு என்று அலைந்து, மதுரைப் பக்கம் ஜோதிஷ்குடியில் அவர் காலம் முடிந்துவிட்டது. நம்பெருமாள் ஊர் ஊராகச் சுற்றி ஸ்ரீரங்கம் திரும்பியது 1371ல்.

“நாப்பத்தெட்டு வருஷம் சார். பூனை தூக்கிண்டு போகும்னு சொன்ன மனுஷன், கடைசியில பெருமாளையே தூக்கிண்டு போனார். திரும்பி வந்ததைப் பார்த்தாரா? பார்க்கலை. அவருக்கு அருள் இல்லைன்னு சொல்ல முடியுமோ?”

இதை நான் பிரசங்கத்தில் சொன்னால் எங்கள் சபைக் கமிட்டி என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இங்கே சொல்கிறேன்.

அம்மா மண்டபம் படித்துறையில் கடைசிக்கு முந்தின படியில் உட்கார்ந்திருந்தான் பையன். காவிரியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தூரத்தில் மலைக்கோட்டை விளக்கு. என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

“பயப்படாதீங்க ஐயா. குதிக்கல்லாம் வரல.”

“நான் கேக்கவே இல்லையே தம்பி.”

“எல்லாரும் அப்படித்தான் பார்க்கிறாங்க.”

பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவனே பேசினான். அம்மா சங்கிலியை அடகு வைத்துத்தான் இந்த வருஷ ஃபீஸ். ரிசல்ட் இன்னும் வரவில்லை என்று வீட்டில் பொய் சொல்லியிருக்கிறான். மூன்று வாரமாக ஊருக்குப் போகவில்லை. “அவனும் படிச்சான், நானும் படிச்சேன். அவனுக்குக் கிருபை கிடைச்சுது, எனக்குக் கிடைக்கல. நீங்கதானே ஐயா மைக்கில சொன்னீங்க?”

பதில் சொல்ல எனக்கு வசனங்கள் தெரியும். பவுலுக்கு உடம்பில் ஒரு முள் இருந்தது, அதை எடுத்துவிடச் சொல்லி மூன்று தடவை வேண்டினார், முள் போகவில்லை, அதற்குப் பதில் கிருபைதான் கிடைத்தது... இப்படி. ஆனால் இருபது வயசுப் பையனிடம் அரியருக்குப் பவுலைக் கொண்டுவந்து நிறுத்த மனசு வரவில்லை. வாயில் வேறு ஒன்று வந்துவிட்டது. அதுவரை நான் யாரிடமும் சொல்லாதது.

நான் பி.எஸ்சி. ஃபிசிக்ஸ். இரண்டாம் வருஷம் அலைடு மேத்ஸ் பேப்பரில் நான் பாஸ் ஆகவில்லை. மூன்று மார்க் கம்மி. கிரேஸ் மார்க் போட்டுத் தள்ளிவிட்டார்கள். எங்கள் டிபார்ட்மென்ட் சார் தனியாகக் கூப்பிட்டு, “மூணு மார்க் தர்மம் பண்ணியிருக்கு. ஊர்ல போய் கெட்டிக்காரன்னு பீத்திக்காதே” என்றார். நான் என்ன செய்தேன்? அம்மா ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தார்கள். நான் சர்ச்சில் எழுந்து நின்று, ராத்திரி பகலாகப் படித்த என் உழைப்பை ஆண்டவர் ஆசீர்வதித்தார் என்று சாட்சி சொன்னேன்! கருணை மதிப்பெண்ணை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அதற்குக் கூலி என்று பெயர் வைத்தவன் நான்.

பையன் என்னையே பார்த்தான். பிறகு பல நாள் கழித்துச் சிரிப்பவன் மாதிரி கோணலாகச் சிரித்தான்.

“அப்போ எனக்கும் அந்த மூணு மார்க்கைப் போட்டிருக்கலாமே?”

“உனக்கு எவ்ளோ கம்மி?”

“ஒண்ணுல பதினெட்டு. ஒண்ணுல இருபத்தி மூணு...”

“யுனிவர்சிட்டி கிருபைக்கு ஒரு லிமிட் இருக்கு தம்பி.”

இருவரும் சிரித்தோம். பக்கத்தில் துணி அலசிக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தார்.

அப்பாவிடம் சொல்லிவிடு என்றேன். மாட்டேன் என்றான். அப்புறம், “நீங்க பக்கத்துல இருங்க” என்று போனை எடுத்தான். மூன்று அரியர், பொய், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. கால் கட்டாகிவிட்டதோ என்று திரையைப் பார்த்தான். அப்போதுதான் அவன் அப்பாவின் குரல் எனக்கும் கேட்டது.

“சாப்டியாடா?”

அவ்வளவுதான். பையன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

நண்பர்களே, புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் ‘காரிஸ்’ என்று ஒரு சொல். கிருபைக்கும் அதுதான், நன்றிக்கும் அதுதான். இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று செமினரியில் நான் வாத்தியாரிடம் விதண்டாவாதம் செய்திருக்கிறேன். அன்றைக்கு அந்தப் படித்துறையில் அந்தப் பையன் அழுத அழுகை எந்த வகை என்று யாராவது கேட்டிருந்தால், என்னால் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

அடுத்த சனிக்கிழமை அவனே வந்தான். “சும்மா எங்கேயாவது போலாமா ஐயா” என்றான். தெப்பக்குளம் பக்கம் இருக்கும் கிறைஸ்ட் சர்ச்சுக்குக் கூட்டிப்போனேன். டிரெஸ் வாங்கப் போகிற வழியில் அதைத் தினமும் தாண்டுகிறீர்கள், உள்ளே போயிருக்க மாட்டீர்கள்! 1766ல் கட்டியது. கட்டியவர் ஸ்வார்ட்ஸ் ஐயர். 1750ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன்காரர். திருச்சியில் அவர் இருந்தது ஒரு பழைய கட்டடத்தில், ஒரு கட்டிலும் ஓர் ஆளும் கொள்ளும் அளவு ஓர் அறை. சாப்பாடு சோறும் காய்கறியும். கோட்டையில் இருந்த படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். 1778ல் தஞ்சாவூருக்குப் போய், 1798ல் அங்கேயே இறந்தார்.

அங்கிருந்து கன்டோன்மென்ட், செயின்ட் ஜான்ஸ் சர்ச். பலிபீடத்துக்கு அருகே பிஷப் ஹீபரின் கல்லறை. ‘ஹீபர்’ என்ற பெயரைப் பஸ்ஸிலும் பேச்சிலும் நாம் தினம் நாலு தடவை சொல்கிறோம். அவர் யார் என்று கேட்டால் முழிப்போம். கல்கத்தாவின் பிஷப். இந்தியாவுக்கு வந்தது 1823ல். 1826 ஏப்ரல் 3, திங்கட்கிழமை விடியற்காலையில் கோட்டைக்குள் இருக்கும் இதே கிறைஸ்ட் சர்ச்சுக்குப் போனார். அப்போது அது வசதியற்று நலிந்து கிடந்த ஒரு தமிழ்ச் சபை. அந்த ஜனங்களுக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடத்தினார், ஆசீர்வாதத்தைத் தமிழிலேயே சொன்னார். தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பி, அங்கிருந்த குளியல் குளத்தில் இறங்கினார். நேரம் போயும் வரவில்லை என்று ஆட்கள் போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை. வயசு 42. வந்து மூன்று வருஷம்கூட முடியவில்லை.

“அன்னிக்கு மத்தியானம் அந்தச் சபை ஜனங்க கையில ஒரு ஸ்தோத்திரக் கவரைக் கொடுத்திருந்தா, காரணத்துல என்ன எழுதியிருப்பாங்க?” என்று கேட்டேன். பையன் கல்லறையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பதில் சொல்லவில்லை. என்னிடமும் பதில் இல்லை. அதனால்தான் கேட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு விஷயம் நடந்தது. ஒன்று, கிரேஸ் மார்க் விவகாரத்தை நானே பிரசங்கத்தில் சொல்லிவிட்டேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. இரண்டு, கவர்களில் இருக்கும் காரணத்தை மைக்கில் வாசிப்பதை நிறுத்திவிடலாமா என்று கமிட்டியில் கேட்டேன். “வாசிக்காட்டி கவர் குறைஞ்சிரும் ஐயா” என்றார் பொருளாளர். நிஜம்தான். சர்ச்சுக்கு அப்போது கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. வாசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பையன் அடுத்த செமஸ்டரில் இரண்டு அரியரை எழுதிப் பாஸ் பண்ணினான். தெர்மோடைனமிக்ஸ் மட்டும் நின்றது. அந்த ரிசல்ட் வந்து ரொம்ப நாள் ஆன பிறகு, விசேஷம் எதுவும் இல்லாத ஒரு ஆகஸ்ட் ஞாயிறு. அன்றைக்கு வந்ததே நாலு கவர். மூன்றாவது கவரில் பெயர் இல்லை. இருபது ரூபாய். காரணம் என்ற கோட்டின் மேல், பால்பாயின்ட் பேனாவில், ‘சும்மா’ என்று எழுதியிருந்தது.

அப்படியே வாசித்தேன். சபையில் லேசாகச் சிரிப்பு. பின்வரிசையை நான் பார்க்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் பொருளாளர் கணக்கு நோட்டோடு வந்தார். “இதை என்ன தலைப்புல ஐயா எழுதறது? பிறந்தநாள், கல்யாணநாள், பரீட்சை, சுகம்... எதிலயும் வர மாட்டேங்குதே?”

“கீழ புதுசா ஒரு கோடு போட்டு எழுதிக்குங்க” என்றேன்.