ஈட்டுக்கு ஓர் எண்

யாழ்ப்பாணத்தார் சவர்க்காரம் என்பார்கள். தமிழ்நாட்டார் சோப்பு என்பார்கள். எப்படிச் சொன்னாலும் அதை வீட்டில் செய்வது கடினமான கலை அல்ல. எண்ணெய், தண்ணீர், காஸ்டிக் சோடா மூன்றும் போதும். கடினமானது வேறொன்று: செய்ததை எழுதி வைப்பது.

மனுகாவ் பகுதியில் வசிக்கும் அம்மையார் ஒருவர் சில ஆண்டுகளாக வீட்டில் சோப்பு செய்து, உற்றாருக்கும் கோயில் நிதி விற்பனைக்கும் கொடுத்து வருகிறார். அவர் வீட்டில் எல்லோரும் மதிக்கும் பொருள் ஒரு பழைய நோட்டுப்புத்தகம். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அடுத்து, இட்லிக்குச் சொல்வது போலவே, 'ஈடு 1', 'ஈடு 2' என்று வரிசை. கடைக்காரர் 'பேட்ச்' என்பதை அவர் ஈடு என்றே எழுதுகிறார். தேதி, எடுத்த எண்ணெய்களின் எடை, காஸ்டிக் சோடா, தண்ணீர், வார்த்த நேரம், வெட்டிய நாள், எந்த வீட்டுக்கு எத்தனை கட்டி போயிற்று என்பவை எல்லாம் அதில் உண்டு.

இவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். ஒவ்வோர் எண்ணெய்க்கும் பசி வேறு. 1000 கிராம் தேங்காய் எண்ணெய் சோப்பாக மாற ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். அதே அளவு ஆலிவ் எண்ணெய்க்கு 134 கிராம் போதும். அளவு குறைந்தால் சோப்பு பிசுபிசுக்கும். கூடினால் மிஞ்சிய காஸ்டிக் தோலை அரிக்கும். ஆகையால் கணக்கில் வருவதைவிட 5 சதவீதம் குறைத்தே போடுவது வழக்கம்.

ஒரு முறை இப்படி நடந்தது. அம்மையாரின் வழக்கமான ஈட்டில் தேங்காய் எண்ணெய் 300 கிராம், ஆலிவ் எண்ணெய் 600, ஆமணக்கெண்ணெய் 100. காஸ்டிக் சோடா 141 கிராம். ஈடு 14 செய்த அன்று தேங்காய் எண்ணெய் 100 கிராம்தான் மிச்சம் இருந்தது. குறைந்ததை ஆலிவ் எண்ணெயால் நிரப்பினார். காஸ்டிக் அளவை மட்டும் மாற்றவில்லை. ஆறு வாரம் காய வைத்த பின் 14 கட்டிகளில் ஐந்து வெளியே போயின. ஒரு வீட்டிலிருந்து, குழந்தையின் கை சிவந்து எரிகிறது என்று செய்தி வந்தது.

நோட்டு இல்லாவிட்டால் அன்று என்ன செய்திருக்க முடியும்? எல்லாச் சோப்பும் ஒரே நிறம், ஒரே மணம். உறையில் இருந்த எண்ணைக் கேட்டு அந்தப் பக்கத்தைத் திறந்தார். அன்று உண்மையில் போட்ட எடையை மறைக்காமல் எழுதியிருந்ததால் கணக்கு உடனே புரிந்தது. அந்தக் கலவைக்கு முழுத் தேவையே 138 கிராம், 141 போட்டிருந்தார். பாதுகாப்புக்கு விட்ட 5 சதவீதமும் போய், அதற்கு மேலும் மிஞ்சியிருந்தது. நான்கு வீட்டுக்கு அழைப்பு, ஐந்து கட்டிகளும் திரும்பி வந்தன. மற்ற ஈடுகளைத் தூக்கி எறிய நேரவில்லை. குழந்தையின் கையும் சில நாளில் ஆறியது.

பொருளின் வரலாறும் அவ்வளவே முக்கியம். எண்ணெய் டின்னில் அச்சிட்ட எண்ணையும் வாங்கிய நாளையும் அம்மையார் எழுதுகிறார். ஒரு டின் காறிப் போனால் அது எந்தெந்த ஈட்டில் சேர்ந்தது என்று தெரிய வேண்டுமல்லவா? எள், கடலை போன்றவை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இக்காலத்தில் பலர் உண்டு. நல்லெண்ணெய் சேர்த்த சோப்பில் அதைச் சொல்லியே ஆக வேண்டும். லாவெண்டர் எண்ணெயில் உள்ள லினலூல் என்னும் மணப்பொருளும் சிலர் தோலுக்கு ஆகாது. ஆக்லாந்துக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். 24 டிகிரி அளவில்தான் இளகும். அதனால் கரண்டிக் கணக்கு உதவாது, தராசுதான் சரி.

விற்பனைக்கு வைப்பவர்களுக்குச் சட்டமும் உண்டு. நியூசிலாந்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, சேர்ந்த பொருட்களின் பட்டியலைத் தர வேண்டும். நோட்டு வைத்திருப்பவருக்கு அது பாரமில்லை. பார்த்து எழுதினால் போதும்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் வழக்கம் என்று நினைக்க வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜ சோழர் ஏற்றிவைத்த விளக்குகளுக்குக் கல்லிலேயே கணக்கு இருக்கிறது. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அவற்றை ஏற்ற இடையரின் பெயர், நாள்தோறும் அவர் அளக்க வேண்டிய ஓர் உழக்கு நெய், அளக்கும் அளவையின் பெயர் ஆடவல்லான். நெய் குறைந்தால் யாரைக் கேட்பது என்பது ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தெரிந்திருந்தது.

சோப்பு செய்யும் சகோதரிகள் நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளட்டும். செய்ய நினைத்ததை அல்ல, உண்மையில் செய்ததை அன்றன்றே எழுதட்டும். கட்டி ஒவ்வொன்றின் உறையிலும் ஈட்டின் எண் இருக்கட்டும். பிறர் தம் குழந்தையைக் குளிப்பாட்ட நம்மிடம் வாங்கும் பொருளுக்கு நாம் தரக்கூடிய உறுதி அதுதான்.