தண்ணீர் அலார்ம் வாங்கிய கதை



இரண்டு மாதத்திற்கு முன் என் உம்மா விழுந்து கை உடைந்தது ஊரில் பலருக்கும் தெரியும். அல்ஹம்துலில்லாஹ், கட்டு அவிழ்த்தாயிற்று, இப்போது பரவாயில்லை. விசாரித்தவர்களிடம் "வழுக்கி விழுந்துட்டாங்க" என்று மட்டும்தான் சொன்னேன். எப்படி வழுக்கியது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. யாருக்காவது பயன்படும் என்பதால் இன்று எழுதுகிறேன்.

விழுவதற்கு மூன்று கிழமைக்கு முன்பிருந்தே உம்மா சொல்லிக்கொண்டிருந்தார்.

"மகள், ராவையில எங்கயோ தண்ணி ஓடுற சத்தம் கேக்குது புள்ள."

முதல் நாள் எழும்பிப் போய்ப் பார்த்தேன். எல்லாப் பைப்பும் பூட்டித்தான் இருந்தது. "ஒன்டுமில்ல உம்மா, பேன் சத்தமா இருக்கும், படுங்க" என்றேன். அதன் பிறகு அவர் சொன்ன நாட்களில் நான் எழும்பவே இல்லை. 73 வயது, இல்லாத சத்தமெல்லாம் கேட்கிறது என்று எனக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

ஒரு நாள் சுபஹுக்கு வுழூச் செய்யப் போனவர் குசினி வாசலில் விழுந்தார். சிங்குக்குக் கீழே அலுமாரிக்குள் இருந்த ஹோஸ் வெடித்து, இரவோடிரவாகத் தண்ணீர் தரையெல்லாம் பரவியிருந்தது. வெள்ளை டைல்ஸில் தண்ணீர் நிற்பது லைட் போடாவிட்டால் தெரியாது. மணிக்கட்டு எலும்பு உடைந்தது.

ஆஸ்பத்திரியால் வந்த கையோடு, தண்ணீர் கசிந்தால் சத்தம் போடும் அலார்ம் ஒன்று வாங்குவதென்று தீர்மானித்தேன். தேடிப் பார்த்ததில் மூன்று விதம் கண்ணில் பட்டது.

ஒன்று வைஃபையில் வேலை செய்வது. தண்ணீர் பட்டால் போனுக்கு மெசேஜ் அனுப்பும். விலை கூட. முதலில் இதைத்தான் வாங்க நினைத்தேன். பிறகு யோசித்தேன்: மெசேஜ் வரும் நேரம் நான் வகுப்பில் இருப்பேன், போன் பேக்கில் சைலன்டில் கிடக்கும். கரண்ட் போனால் ரவுட்டரும் நின்றுவிடும். வீட்டில் எந்நேரமும் இருப்பது உம்மாதான். அவரிடம் இருப்பது பட்டன் போன். வீட்டைப் பூட்டிவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வைஃபை அலார்ம் சரி. எங்களுக்கு அது காசை வீணாக்குவது.

இரண்டாவது, உள்ளங்கை அளவான சின்னப் பெட்டி. அடியில் இரண்டு உலோகப் புள்ளிகள். அவற்றுக்கிடையே தண்ணீர் பட்டதும் கத்தும். மூன்றாவதும் அதே மாதிரிதான், ஆனால் சென்சர் ஒரு நீள வயரின் நுனியில் இருக்கும். மேல் டாங்கி நிரம்பி வழிவதை அறியவும், அலுமாரிக்குள் சென்சரை வைத்துப் பெட்டியை வெளியே மாட்டவும் இது நல்லது.

பொறிமுறை பெரிய வித்தை இல்லை. நம் பிள்ளைகள் விஞ்ஞான பாடத்தில் படிப்பதுதான். குழாய்த் தண்ணீரில் உப்புகள் கரைந்திருப்பதால் அதனூடாக மின் கொஞ்சம் செல்லும். அந்தச் சிறிய மின்னோட்டத்தைத் திரான்சிற்றர் பெருப்பித்து பஸரை அலறவைக்கும். எலக்ட்ரோனிக்ஸில் ஆர்வமுள்ள பிள்ளை வீட்டில் இருந்தால், 9 வோல்ற் பெற்றரி ஒன்றும் சில உதிரிப்பாகங்களும் வாங்கிக் கொடுங்கள். அவனே செய்து தருவான்.

நான் வயர் உள்ளதில் ஒன்றும் சாதாரணமானதில் ஒன்றும் வாங்கினேன். இரண்டுக்கும் சேர்த்து மூவாயிரம் ரூபா முடியவில்லை. மலிவானது வாங்குபவர்கள் மூன்று விடயம் பாருங்கள்.

முதலாவது சத்தம். கடையில் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் எல்லாமே பெரிதாகத்தான் கேட்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து, அறைக் கதவைச் சாத்தி, பேனைப் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டு கேளுங்கள். கேட்காவிட்டால் மாற்றித் தரும்படி முன்கூட்டியே கடைக்காரரிடம் பேசி வையுங்கள்.

இரண்டாவது பெற்றரி. ஊர்க் கடையில் வாங்கக்கூடிய சாதாரண பெற்றரியா என்று பாருங்கள். பட்டன் பெற்றரி வேண்டாம். சின்னப் பிள்ளைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பெற்றரி முடியப்போகும்போது அது 'கீக்' என்று எச்சரிக்குமா என்றும் கேளுங்கள். எச்சரிக்காதது என்றைக்கோ செத்துப்போய் சும்மா கிடக்கும், நாம் அதை நம்பிக்கொண்டிருப்போம்.

மூன்றாவது வைக்கும் இடம். தரையில் ஆகப் பதிந்த பக்கத்தில், புள்ளிகள் தரையில் படும்படி வைக்க வேண்டும். குசினி சிங்குக்குக் கீழே, வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் வைக்கலாம். பாத்ரூம் தரையில் வைத்தால் குளிக்கும் போதெல்லாம் கத்தும். இரண்டு நாளில் வெறுத்துப்போய்க் கழற்றி எறிந்துவிடுவீர்கள். மாதம் ஒரு தரம் ஈரத் துணியால் தொட்டுப் பரீட்சித்து, புள்ளிகளைத் துடைத்துக் காயவிடுங்கள். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றில் உலோகம் சீக்கிரம் கறள் பிடிக்கும்.

புது ஹோஸ் போட்டாயிற்று, அலார்மும் வைத்தாயிற்று. நிம்மதியாகப் படுத்தேன்.

"மகள், அந்தச் சத்தம் இன்னும் கேக்குது."

அலார்ம் கத்தவில்லை. தரை காய்ந்து கிடந்தது. ஆனால் இந்த முறை நான் "ஒன்டுமில்ல" என்று சொல்லவில்லை. கட்டுப் போட்ட கையோடு கட்டிலில் இருக்கும் உம்மாவிடம் எந்த வாயால் சொல்வது?

விடிந்ததும் எல்லாப் பைப்பையும் பூட்டிவிட்டு வாசலில் உள்ள தண்ணி மீற்றரைப் பார்த்தேன். மீற்றரில் கறுப்பு இலக்கங்கள் யூனிற், அதாவது 1,000 லீற்றர். சிவப்பு இலக்கங்கள் அதற்குக் குறைந்த அளவு. எல்லாம் பூட்டியிருந்தும் சின்னச் சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்தில் 2 லீற்றர். கணக்குப் பாருங்கள்: ஒரு நாளைக்கு 288 லீற்றர், மாதத்திற்கு எட்டரை யூனிற்றுக்கு மேல். யூனிற் கூடக் கூட ஒரு யூனிற்றின் விலையும் கூடும் என்பது உங்களுக்குத் தெரியும். "புள்ளைகள் கூடத் தண்ணி பாவிக்குதுகள்" என்று நான் ஏசிக்கொண்டிருந்த பில்லின் இரகசியம் அதுதான்.

கசிந்தது டொய்லெட் சிஸ்டன். உள்ளே உள்ள ரப்பர் தேய்ந்து, தண்ணீர் சத்தமில்லாமல் கோப்பைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சிஸ்டன் மறுபடி நிரம்பும் சத்தம்தான் இரவின் அமைதியில் உம்மாவுக்குக் கேட்டிருக்கிறது. தரையில் ஒரு சொட்டும் விழாததால் எந்த அலார்மும் இதைப் பிடிக்காது. நீங்களும் சோதிக்கலாம். சிஸ்டனுக்குள் கொஞ்சம் கேசரிக் கலர் போட்டு, இருபது நிமிடம் பிளஷ் பண்ணாமல் விடுங்கள். கோப்பைக்குள் கலர் வந்தால் ரப்பரை மாற்ற வேண்டும். எங்களுக்குச் செலவு சில நூறு ரூபாதான்.

எங்கள் பாத்ரூமுக்கு நேரடிக் குழாய்த் தண்ணீர் என்பதால் மீற்றரே காட்டிக்கொடுத்தது. மேல் டாங்கி உள்ளவர்கள் இரவு படுக்க முன் டாங்கிக்கு வரும் வால்வைப் பூட்டி, தண்ணீர் மட்டத்தை அடையாளம் வையுங்கள். யாரும் பாவிக்காமலே காலையில் குறைந்திருந்தால் வீட்டுக்குள் எங்கோ கசிகிறது. மட்டம் குறையாமல் மீற்றர் ஓடியிருந்தால் மீற்றருக்கும் டாங்கிக்கும் இடையில் கசிகிறது.

ஆகவே முதலில் செலவில்லாத வேலையைச் செய்யுங்கள். மீற்றரைப் பாருங்கள், சிஸ்டனைச் சோதியுங்கள், பழைய ஹோஸ்களை மாற்றுங்கள். அதன் பிறகு அலார்ம் வாங்குங்கள்.

நம் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஒரு முத்து தண்ணீரில், அதாவது இரு கையும் சேர்த்து அள்ளும் அளவில், வுழூச் செய்தார்கள் என்று வகுப்பில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். என் வீட்டில் நாளுக்கு 288 லீற்றர் யாருக்கும் பயனில்லாமல் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் ஒருவர் அதைச் சொல்லிக்கொண்டும் இருந்தார். சிஸ்டனைப் பார்க்க அன்றே பைப் வேலைக்காரரைக் கூப்பிட்டிருந்தால், சிங்குக்குக் கீழே இருந்த பழைய ஹோஸும் அவர் கண்ணில் பட்டிருக்கும்.

உங்கள் வீட்டு மூத்தவர்கள் ஏதோ சத்தம் கேட்கிறது என்றால், ஒரு தரம் எழும்பிப் பாருங்கள். உம்மாவின் கை முழுமையாகச் சுகமாக துஆச் செய்யுங்கள்.